கள்ளா, கல்லா, கள்ளனா?

நன்னூல் படித்த தமிழய்யா ஒருவரிடம் எங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார். 'கல்'லோடு குறிச்சி சேர்ந்தால் கற்குறிச்சி. 'கள்'ளோடு சேர்ந்தால் கட்குறிச்சி. இரண்டும் பொருந்தவில்லை. கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளவோட்டு, கள்ளக்கணக்கு என்று நிற்கிற வரிசையில் இடிபடாமல் போய் நிற்பது கள்ளக்குறிச்சி ஒன்றுதான். ஆக இலக்கணப்படி நாங்கள் திருடர்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றால் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் உயிரோடு இல்லை.

ஆனால் ஊருக்குப் பெயர் வைத்தவன் நன்னூல் படித்தவன் என்று யார் சொன்னது? விருதுநகர் மாவட்டத்தில் கல்குறிச்சி என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே கல்லும் குறிச்சியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒரு புணர்ச்சியும் நடக்கவில்லை. இலக்கணம் அந்த ஊர்ப் பக்கம் பஸ் ஏறவே இல்லை போலிருக்கிறது. அதனால் வழக்கைத் தள்ளுபடி செய்யாமல் விசாரணைக்கு எடுத்துக்கொள்வோம்.

கட்சிகள் நான்கு.

முதலாவது கல் கட்சி. கௌரவமானவர்கள். கல்யாணப் பத்திரிகையிலும் இலக்கிய விழா அழைப்பிதழிலும் ஊரைக் 'கல்லை' என்று போடுவார்கள். இதில் ஒரு வசதி: தில்லை, நெல்லை, தஞ்சை, கோவை என்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் நாமும் துண்டைப் போட்டு இடம் பிடிக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. தலைப்பில் இடம் பற்றாவிட்டால் 'க.குறிச்சி' என்று போட்டு முடித்துவிடுவார்கள். யோசித்தால் அதுதான் இருப்பதிலேயே நேர்மையான எழுத்து. கல்லா, கள்ளா, கள்ளனா என்பதைப் புள்ளி வைத்து உங்களிடமே விட்டுவிடுகிறது.

இரண்டாவது கள் கட்சி. பனையும் தென்னையும் இருந்த ஊர், இறக்கினார்கள், குடித்தார்கள், பெயர் வந்தது என்பது இவர்கள் வாதம். ஆதாரம் கேட்டால் சிரிப்பார்கள். இவர்களுக்கு வரலாறு ஒருமுறை நன்றாகவே கைகொடுத்தது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, முதன்முதலில் அமல்படுத்த அவர் தேர்ந்தெடுத்தது தம் சொந்த மாவட்டமான சேலத்தை. எங்கள் ஊரோ அப்போது தென்னார்க்காடு. மேற்கே நடந்து எல்லையைத் தாண்டினால் காந்தி ராஜ்யம். திரும்பி நடந்தால் பழைய ராஜ்யம். சேலத்து எல்லையில் தாகத்தோடு நின்ற ஒருவனுக்கு அந்தச் சில வருடங்களில் எங்கள் ஊர்ப் பெயரின் அர்த்தத்தைப் பற்றிச் சந்தேகம் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

மூன்றாவது கள்ளர் கட்சி. இதற்கு ஊருக்குள் ஆள் குறைவு, வெளியூரில் உறுப்பினர்கள் அதிகம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் பிள்ளைகளிடம் ஊர் எது என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கட்சிதான்.

நான்காவது கள்ளிக் கட்சி. கள்ளிச்செடி மண்டிக் கிடந்த குறிச்சி என்பது இவர்கள் வாதம். கள்ளிக்கோட்டை, கள்ளிக்குடி, கள்ளிப்பட்டி என்று முன்னுதாரணங்கள் உண்டு. நியாயமாகப் பார்த்தால் கேட்கத் தகுந்த வாதம். ஆனால் தன் ஊர் சப்பாத்திக் கள்ளியால் பெயர் பெற்றது என்று மேடையில் மார்தட்ட எவனும் முன்வரவில்லை. டெபாசிட் போனது.

இந்தச் சண்டைக்கு நடுவே வந்த வெள்ளைக்காரன்தான் அருமையான சமரசம் செய்தான். அவன் மொழியில் ளகரமும் கிடையாது, கவலையும் கிடையாது. நான் மனதில் இப்படித்தான் நடத்திப் பார்க்கிறேன். கூடாரத்துக்கு வெளியே மேஜை போட்டு துரை உட்கார்ந்திருக்கிறார். கணக்குப்பிள்ளை கைகட்டி நிற்கிறார்.

"இந்த ஊர் பேர் என்னா?"

"கள்ளக்குறிச்சிங்க தொரே."

"கல்ல... கல்ல?"

"ளங்க தொரே. ள. நாக்க மடிச்சி சொல்லணும்."

துரை மடித்துப் பார்க்கிறார். வரவில்லை. வெயில் வேறு. எழுதிவிட்டார். பழைய தென்னார்க்காடு ஆவணங்களில் ஊர் 'கல்லகுர்ச்சி' ஆனது இந்த மாதிரி ஏதோ ஒரு மத்தியான வேளையில்தான் இருக்கவேண்டும். ஆங்கில எழுத்தில் கல்லும் கள்ளும் கள்ளனும் ஒரே மாதிரி. நான்கு கட்சிக்கும் பொதுவான கொடி. நடுவில் ஒரு இகரத்தைக் காணோம். கள்ளர் கட்சிக்காரர்கள் அதை எங்கள் மேல் போடாமல் இருந்தால் சரி.

முன்பாதிக்கு இவ்வளவு அடிதடி. பின்பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதில்தான் பெரிய மோசடி இருக்கிறது. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊர். மருதத்தில் பேரூர், முல்லையில் பாடி, நெய்தலில் பாக்கம், மலையில் குறிச்சி என்று பழைய இலக்கணக்காரர்கள் தெளிவாகப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மலைச்சரிவில், தினைப்புனத்துக்குப் பக்கத்தில், பரண் மேல் ஒரு பெண் கிளி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஊரிலோ தரை தட்டையாக இருக்கிறது. திரும்பின பக்கமெல்லாம் அரிசி ஆலை. கல்வராயன் மலை மேற்கே தூரத்தில் நீலமாகத் தெரியும். அதைக் காட்டி மலைநாட்டு அந்தஸ்து வாங்குவது, பெரியப்பா வீட்டு மச்சைக் காட்டிப் பெண் பார்க்கிற வேலை. ஆனால் இதற்கு நாங்கள் மட்டும் பொறுப்பில்லை. அரவக்குறிச்சி, மொடக்குறிச்சி, பாஞ்சாலங்குறிச்சி என்று தமிழ்நாடு முழுக்கக் குறிச்சிகள் மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் குடித்தனம் நடத்துகின்றன. பாஞ்சாலங்குறிச்சிக்குக் கட்டபொம்மன் கிடைத்தார். கல்லிடைக்குறிச்சிக்கு அப்பளம் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது இந்த விசாரணை.

ஆறுதலுக்கு ஒரு வெளிநாட்டுக் கதை. நார்வே நாட்டுத் தலைநகர் ஆஸ்லோ. நோபல் அமைதிப் பரிசு கொடுக்கிற ஊர், அதனால் அங்கே இந்த மாதிரிக் குழப்பமெல்லாம் இருக்காது என்று நினைப்போம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீஸ் என்கிற பாதிரியார் ஒருவர் அந்தப் பெயருக்கு அர்த்தம் கண்டுபிடித்தார்: 'லோ' ஆற்றின் முகத்துவாரம். பிரமாதமான விளக்கம். ஒரே ஒரு சிக்கல், லோ என்று ஒரு ஆறு அங்கே இல்லை. அதனால் என்ன? அல்னா என்று பெயர் வைத்துக்கொண்டு சிவனே என்று ஓடிக்கொண்டிருந்த ஆற்றின் கடைசிப் பகுதிக்கு லோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விளக்கம் முதலில், ஆறு பிறகு. நம் தலபுராணக்காரர்கள் பார்த்திருந்தால் சால்வை போர்த்தியிருப்பார்கள். பிற்காலப் பண்டிதர்கள் அந்த ஆற்றை வற்றவைத்துவிட்டு, 'லோ' என்றால் புல்வெளி என்றார்கள். அப்புறம் அது தெய்வங்களின் புல்வெளியா, மலைமுகட்டின் அடியில் உள்ள புல்வெளியா என்று இன்னும் இரண்டு கட்சி. நடுவில் 1624-இல் ஊர் தீப்பிடித்து எரிந்தபோது ராஜா நான்காம் கிறிஸ்தியான், ஊரைக் கோட்டையடிக்கு நகர்த்தி, பெயரையும் தம் பெயருக்கு மாற்றி, கிறிஸ்தியானியா ஆக்கிவிட்டார். பழைய பெயர் திரும்ப வந்தது 1925-இல். தீயணைக்கப் போன இடத்தில் பட்டா மாற்றிக்கொண்ட ராஜாவோடு ஒப்பிட்டால் எங்கள் ஊர்க் கள்ளன் பரம சாது.

அந்தக் கள்ளனைப் பற்றியே இப்போது பேசலாம். எனக்கு அவன் மேல் பிரியம் அதிகம்.

சங்க காலத்தில் மாடு திருடுவது குற்றமில்லை, அரசாங்கத் திட்டம். தொல்காப்பியர் அதற்கென்று ஒரு திணையே ஒதுக்கியிருக்கிறார்: வெட்சி. ராஜா ஒருவர் பக்கத்து நாட்டின் மேல் படையெடுக்க நினைத்தால், எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்கக்கூடாது, அது மரியாதையில்லை. முதலில் ஆட்களை இருட்டில் அனுப்பி அவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரவேண்டும். மாடு போனவன் கோபப்பட்டு வருவான். பிறகு சண்டை முறைப்படி தொடங்கும். மாடு என்பது அழைப்பிதழ். ஓட்டுகிறவன் வெட்சிப் பூ சூடிக்கொள்வான். மீட்க வருகிறவனுக்குப் பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் கரந்தை என்று தனி டிபார்ட்மெண்டே திறந்து கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் பூ, இரண்டு பக்கமும் புலவர், நடுவில் ஒன்றும் புரியாத மாடு.

இந்த வேலையில் செத்தால் கல் நடுவார்கள். எங்களுக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் இந்த நடுகற்கள் ஏராளம். 'செங்கம் நடுகற்கள்' என்று தமிழ்நாடு தொல்லியல் துறை தனிப் புத்தகமே போட்டிருக்கிறது. அதே வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது, 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப்போய் உயிரை விட்டான். கல்லில் வில்லோடு நிற்கிறான். பக்கத்தில் அவன் நாய். அந்த நாய்க்குப் பெயர்கூடக் கல்லில் வெட்டியிருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு எஜமானின் உடலைக் காத்து நின்றதாம். எருமைக்காரன் பெயர் இருக்கிறது, நாயின் பெயர் இருக்கிறது, கடிபட்ட இரண்டு பேரின் பெயர் மட்டும் இல்லை. எந்த ஊர்க்காரர்கள் என்றும் இல்லை. ஆயிரத்து நானூறு வருடமாக அந்த வழக்கு கண்டுபிடிக்க முடியாத பட்டியலில் கிடக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் விசாரிக்க வராத வரைக்கும் நல்லது.

இதில் இன்னொரு சமாச்சாரம். நட்ட கல்லுக்குப் படையல் உண்டு. பொங்கல் புளியோதரை இல்லை, கள். வீரனுக்குப் பிடித்ததை வைப்பதுதானே முறை. இப்போது கட்சிக்காரர்கள் மூவரையும் கூப்பிடுங்கள். மாடு பிடிக்கப் போன கள்ளன் செத்தான். அவனுக்குக் கல் நட்டார்கள். கல்லுக்குக் கள் ஊற்றினார்கள். கல், கள், கள்ளன் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே சாயங்காலத்தில், அதுவும் ஒரு குறிச்சியில். ஏன் ஐயா இத்தனை வருடம் அடித்துக்கொண்டீர்கள்? சுற்றி ஒரு கள்ளிச்செடியும் முளைத்திருந்தால் நான்காவது கட்சிக்கும் ஒரு சீட்டு. இந்த விளக்கத்துக்கு எந்தக் கல்வெட்டு ஆதாரமும் கிடையாது. ஆனால் நார்வேக்காரர் ஆறே இல்லாமல் சமாளித்தார். என்னிடம் கல்லாவது இருக்கிறது.

சுற்றுவட்டாரத்தைப் பார்த்தால், பெயரும் பொய்யும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துவது இங்கே புதிதில்லை என்று தெரியும். உளுந்தூர்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகு மூட்டையோடு போன ஒரு வணிகரிடம் சிவபெருமான் வயசாளி வேஷத்தில் வந்து, வயிற்றுக்கு ஆகவில்லை, கொஞ்சம் மிளகு கொடப்பா என்று கேட்டார். வணிகர், "மூட்டையில இருக்கிறது உளுந்துங்க பெரியவரே" என்றார். சந்தையில் போய் அவிழ்த்தால் அத்தனையும் உளுந்து. அலறியடித்து ஓடிவந்து காலில் விழுந்தார் என்று கதை. ஊர் உளுந்தூர், சாமி உளுந்தாண்டார்; வடமொழிக்காரர்கள் மாஷபுரீஸ்வரர் என்று மொழிபெயர்த்து வைத்தார்கள், மாஷம் என்றாலும் உளுந்துதான். ஒரு கைப்பிடி மிளகுக்கு ஒரு வண்டி அபராதம். இன்றைக்கு எந்தச் சோதனைச் சாவடியிலும் இந்த வேகத்தில் தண்டனை கிடையாது. கவனியுங்கள், வணிகர் சொன்ன பொய்யே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் மிளகூர்பேட்டை.

திருக்கோவிலூர் கதை வேறு மாதிரி. அசல் பெயர் கோவலூர். மலையமான் திருமுடிக்காரியின் தலைநகரம். கடையெழு வள்ளல்களில் ஒருவர், தேர் தேராகப் பரிசு கொடுத்தவர். அந்தத் தேரெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது. காரி அந்தக் காலத்துக் காண்ட்ராக்ட் படைத்தலைவர். மூவேந்தரில் யாருக்குச் சண்டை என்றாலும் இவருக்கு ஆள் அனுப்புவார்கள். ஜெயித்த ராஜா, மலையமான் வந்ததால் ஜெயித்தோம் என்பார். தோற்ற ராஜா, அவன் மட்டும் அந்தப் பக்கம் இல்லாதிருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம் என்பார். இப்படி இரண்டு பக்கமும் நற்சான்று வாங்கின மனிதர் அவர் ஒருவர்தான். சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியைக் கொன்று மலையையே எடுத்துக் கொடுத்தார். தகடூர் அதியமான் வந்து கோவலூரை நொறுக்கினதும் நடந்தது. எல்லாம் முடிந்து பக்தி காலம் வந்தது. பெரிய பெருமாள் கோவில், அட்டவீரட்டத்தில் ஒன்றான சிவன் கோவில், முதலாழ்வார் மூவரும் மழைக்கு ஒதுங்கின இடைகழி என்று ஊர் நிரம்பியதும், கோவலூரைக் கோவிலூர் ஆக்கிவிட்டார்கள். வகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி போட்டதோடு காரி காலி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்த இடைகழிதான் பின்னாளில் எங்கள் பக்கத்து டவுன் பஸ்களுக்கு மாதிரி வரைபடமாக இருந்திருக்கவேண்டும்.

இனி மலை. 'கல்வராயன்' என்ற பெயரில் வால்தான் முதலில் பிடிபடும். ராயன் என்றால் அரையன், அரையன் என்றால் அரசன், அல்லது அரசன் என்று சொல்லிக்கொள்ளத் துணிந்தவன். இந்தத் துணிச்சலுக்கு எங்கள் வட்டாரம் பேர்போனது. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் சேந்தமங்கலம் இருக்கிறது. அங்கே இருந்த காடவராயன் கோப்பெருஞ்சிங்கன், 1231 வாக்கில், மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்துக்கொண்டு வந்து உள்ளே போட்டுவிட்டான். சோழச் சக்கரவர்த்தி. ராஜராஜன் என்ற பெயர். தஞ்சாவூர்ப் பெரிய கோவிலைக் கட்டின வம்சம். சேந்தமங்கலத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். கடைசியில் ஹொய்சள நரசிம்மன் கர்நாடகத்திலிருந்து படை அனுப்பி மீட்கவேண்டியதாயிற்று. மீட்ட தளபதிகள் தாங்கள் செய்ததையெல்லாம் கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோவில் சுவரில் விலாவாரியாக வெட்டி வைத்துவிட்டார்கள். சோழரைப் பொறுத்தவரை அது சுவரில் எழுதி வைத்த அவமானம். அதற்கப்புறம் இந்தப் பக்கம் ராயர்களுக்கா பஞ்சம்? கச்சிராயர், மழவராயர், அந்த ராயர், இந்த ராயர். கச்சிராயபாளையத்தில் ஒரு ராயர் பெயரோடு சர்க்கரை ஆலையே ஓடுகிறது.

ஆக இவன் எந்த ராயன்? 'கல்வர்' யார்? சங்கப் பாட்டுகளில் வேங்கட மலைப் பக்கம் கள்வர்களுக்குப் புல்லி என்று ஒரு தலைவன் வருகிறான். அந்தக் கள்வரே பின்னால் களப்பிரர் ஆனார்கள் என்று வாதாடின வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. களப்பிரர் என்றால் நம் பாடப்புத்தகத்தில் இருண்ட காலம். ஆக, வரலாற்றில் கரண்ட் போனதற்கும் நாங்கள்தான் காரணம் என்று யாராவது சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். வனத்துறைப் பலகை ஒன்றில் கல்ராயன், அடுத்ததில் கல்வராயன். வகரம் ஏறுகிற இடத்தில் இருக்கிறது, இறங்குகிற இடத்தில் இல்லை.

மலையில் வாழ்கிற பழங்குடி மக்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலையை ஆளுகிறவர்கள், பேசுவது தமிழ். இதை ஒவ்வொரு புது அதிகாரிக்கும் முதலிலிருந்து விளக்கவேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்லும் கதைப்படி முன்னோர்கள் காஞ்சிபுரத்துக்காரர்கள். மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து போனார்கள். பெயர்கள்: பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். எனக்கு இதில் பிடித்தது, பெயர் வைப்பதில் நேரத்தை வீணாக்காத குணம். காஞ்சிபுரம் என்றதும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அங்கே காமாட்சி அம்மன் கோவிலுக்குள்ளேயே ஒரு திவ்யதேசம் உண்டு, திருக்கள்வனூர். சாமி பெயர் கள்வப் பெருமாள். கள்வனின் ஊரிலிருந்து புறப்பட்டவர்கள் ஏறின மலை கல்வராயன், அடிவாரத்தில் கள்ளக்குறிச்சி. இதை வைத்து ஒரு முனைவர் பட்டம் தேறும். வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ராயல்டி வேண்டாம். கூடவே ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான், அழகர்மலையில் கள்ளழகர், திருக்கடையூரில் அமுதக் குடத்தை ஒளித்து வைத்த கள்ள வாரணப் பிள்ளையார் என்று ஒரு அத்தியாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாமிக்கு வைத்தால் பட்டம், ஊருக்கு வைத்தால் எஃப்.ஐ.ஆர்.

மலையை ஆண்டவர்கள் ஜாகீர்தார்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று பங்கு. விஜயநகர ராயர் கொடுத்த மானியம் என்று பேச்சு. நவாப் வந்தார், கும்பெனி வந்தது, ராணி வந்தார், ஜாகீர் அப்படியே இருந்தது. 1947-இல் நேரு நள்ளிரவில் பேசினார். அந்தப் பேச்சு மலை ஏறி வர இருபத்தொன்பது வருடம் பிடித்தது. 1976-இல்தான் ஜாகீர் ஆட்சி முடிந்து அரசு நிர்வாகம் மலைக்கு வந்தது. அதாவது நெருக்கடி நிலைக் காலம். நாடு முழுக்கச் சுதந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கல்வராயன் மலைக்கு மட்டும் கொடுத்தார்கள். எங்கேயோ பிடுங்கினதை எங்கேயாவது வைக்கவேண்டுமில்லையா? இன்று மலையின் தலைமையிடம் வெள்ளிமலை. வெள்ளி இல்லை. விசாரித்தால் அதற்கும் நான்கு கட்சி கிளம்பும், நான் விசாரிக்கவில்லை.

2024 ஜூன் மாதம் வந்ததும் நாடு முழுக்க எல்லாருக்கும் ஊர்ப்பெயரின் அர்த்தம் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கூலி வேலை முடித்து வந்த ஆட்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் பாடை கட்டினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கள்ளச்சாராயத்தையும் கள்ளக்குறிச்சியையும் எதுகை மோனையாக வாசித்தார்கள். பெயர்ப் பொருத்தம் பார்த்துச் சிரிக்க அதில் ஒன்றுமில்லை. அதற்கப்புறம்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலைமையைக் கேட்டது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கேள்விகள் வந்தன. அரசாங்கத்துக்கு இரண்டாவது முறையாக மலை ஞாபகம் வந்தது.

ஊர்ப் பெயரை மாற்றிவிடலாமே என்கிற பேச்சு அந்தச் சாவுகளை ஒட்டி டீக்கடைகளில் கிளம்பியது. 'கல்லை மாவட்டம்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றின ஊர்களின் கதையையும் கேட்டுக்கொள்வது நல்லது. நார்வேயிலேயே டிரான்ட்ஹெய்ம் என்ற நகரம். பழைய காலத்தில் அதற்கு நிடாரோஸ் என்று பெயர். தேசப்பற்று மேலிட்ட நாடாளுமன்றம் 1930-இல் அந்தப் பழைய பெயரைத் திரும்ப வைத்தது. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று முன்கூட்டியே வாக்களித்திருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. பிறகு வீதியில் இறங்கிக் கூச்சல் போட்டார்கள். 1931-இல் பெயர் திரும்பி வந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு லெட்டர்பேடு அடித்தவன் சம்பாதித்திருப்பான்.

நம்முடைய அரசாங்கம் அவ்வளவு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஜூனில், ஊரே முகக்கவசத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது, 1,018 ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறையைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஒரு ஆணை வந்தது. நோக்கம் நல்லதுதான். பட்டியலில் வேலூரைப் புது எழுத்தில் வாசித்தால் 'வீலூர்' என்று வந்தது. ஒரு வாரம் தமிழ்நாடே கொரோனாவை மறந்து சிரித்தது. பிறகு ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பெயரை மாற்றினால் எங்கள் ஊருக்கு இழப்புகள் அதிகம். 2019 நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து முப்பத்து நான்காவது மாவட்டம் ஆனோம். மாவட்டப் பெயர்ப் பலகைகளின் பெயிண்ட் இன்னும் புதுசு. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சான்றிதழில் இருப்பது இந்தப் பெயர்தான். வேறு எவனும் எங்கள் பெயரில் கள்ளச் சிற்பம் விற்கக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு இளைஞர் இந்தப் பெயர் மாற்ற யோசனையை மிகத் தீவிரமாக ஒரு பெரியவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் பன்னை டீயில் தொட்டுச் சாப்பிட்டபடி முழுதும் கேட்டார். சின்னசேலத்திலிருந்து வரவேண்டிய பதினாறு கிலோமீட்டர் ரயில் பாதைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த ஊர் இது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கல்லைன்னு மாத்துனா ரயிலு வந்துருமா தம்பி?"

"அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க."

"அப்ப விடு. இந்தப் பேருக்கு வராதது அந்தப் பேருக்கு மட்டும் வந்துட்டா, ஏன்டா மொதல்லயே மாத்தலன்னு எங்கப்பன் சுடுகாட்டுல இருந்து எழுந்து வந்து கேப்பாரு."